எஞ்சினால் எழுந்த பெயர்: பி.எம்.டபிள்யூ நிறுவன வரலாறு

ஜெர்மனியின் ஓப்பல் நிறுவனம் தையல் மெஷினில் தொடங்கி, சைக்கிள் வழியாகக் காருக்கு வந்தது. பி.எம்.டபிள்யூ தொடங்கியதோ விமான எஞ்சினில். அங்கிருந்து மோட்டார் சைக்கிளுக்கு வந்து, அதற்கும் பிறகு, 1928-ல்தான் கார் தொழிலில் கால் வைத்தது. இன்று வசதியின் அடையாளமாக உலகம் பார்க்கும் அந்தக் காருக்குப் பின்னால், நூறாண்டுக்கும் மேலாக எஞ்சின் வேலையையே உயிர்நாடியாகக் கொண்ட ஒரு தொழிற்சாலை இருக்கிறது. இரண்டு உலகப் போர்கள், திவாலின் விளிம்பு, வெட்கித் தலைகுனிய வேண்டிய ஒரு காலம், கோடிகளை விழுங்கிய ஒரு தவறான கொள்முதல் என எல்லாவற்றையும் அது கடந்து வந்திருக்கிறது.

ஆட்டோமொபைல் பொறியியல் பயிலும் மாணவர்களும், பயின்று தொழிலுக்குச் சென்றவர்களும் படிக்கப்போகும் இம்மலரில் இந்த வரலாற்றை எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரு நிறுவனத்துக்குப் பெயர் எதனால் வருகிறது, எதனால் கெடுகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வரலாறுகள் நம் தொழிலில் அதிகம் இல்லை. எஞ்சின் மேல் கண்ணாக இருந்த காலங்களில் பி.எம்.டபிள்யூ உயர்ந்தது. பகட்டுக்கும் பரப்புக்கும் ஆசைப்பட்ட காலங்களில் சறுக்கியது.

ஆகாயத்தில் தொடக்கம்

1913-ல் கார்ல் ராப் என்பவர் மியூனிக் நகரில் விமான எஞ்சின் ஆலை ஒன்றைத் தொடங்கினார். அவருடைய எஞ்சின்கள் அதிர்வு மிகுந்தவை, பெரிதாகப் போகவில்லை. முதல் உலகப் போரின் நடுவே, 1917-ல், ராப் விலகிக்கொள்ள, ஆலை ‘பேயரிஷ் மோட்டோரன் வெர்கே’, அதாவது பவேரிய எஞ்சின் ஆலை என்று பெயர் மாறியது. நிர்வாகத்தை ஏற்றவர் ஆஸ்திரியரான ஃபிரான்ஸ் யோசெஃப் பாப். வடிவமைப்பாளராக வந்தவர் மாக்ஸ் ஃபிரிட்ஸ்.

ஃபிரிட்ஸ் வடிவமைத்த மூன்று-ஏ எஞ்சின்தான் இந்தப் பெயரை முதலில் உயர்த்தியது. மேலே போகப் போகக் காற்று மெலிந்து, எஞ்சின் திணறும். உயரத்துக்கு ஏற்ற கார்புரேட்டரும் கூடுதல் அழுத்த விகிதமும் கொண்ட இந்த ஆறு சிலிண்டர் எஞ்சின், மெலிந்த காற்றிலும் பலம் குறையாமல் ஓடியது. போர் முடிந்து 1919 ஜூனில், இதன் வழிவந்த எஞ்சின் பொருத்திய விமானத்தில் ஃபிரான்ஸ் ட்சேனோ டீமர் 9,760 மீட்டர் உயரம் ஏறிச் சாதனை படைத்தார்.

நிறுவனத்தின் பிறந்த தேதியாக இன்று கொண்டாடப்படுவது 1916 மார்ச் 7. அது ராப் ஆலையின் தேதி அல்ல. பக்கத்திலிருந்த பவேரிய விமான ஆலையின் தேதி. 1922-ல் காமில்லோ காஸ்டிலியோனி என்ற முதலீட்டாளர் எஞ்சின் தொழிலையும் பி.எம்.டபிள்யூ என்ற பெயரையும் விலைக்கு வாங்கி அந்த விமான ஆலைக்கு மாற்றினார். இரண்டு ஓடைகளும் அங்கே ஒன்றாயின. நீலமும் வெள்ளையும் கொண்ட வட்டச் சின்னம் 1917-லேயே பதிவானது. அந்த நிறங்கள் பவேரிய மாநிலத்துக்குரியவை. அது சுழலும் விமான விசிறி என்று பலரும் நம்புவதற்கு, 1929-ல் வந்த ஒரு விளம்பரப் படமே காரணம்.

தரைக்கு இறங்கிய எஞ்சின்

வெர்சாய் உடன்படிக்கை ஜெர்மனி விமான எஞ்சின் செய்வதற்குத் தடை போட்டது. இருந்த ஒரே தொழிலும் போயிற்று. ஆலை ரயிலுக்கான பிரேக்குகளைச் செய்து கொடுத்தது. பிற கம்பெனிகளின் மோட்டார் சைக்கிள்களுக்குச் சிறிய எஞ்சின்கள் விற்றது. இந்த நெருக்கடியில்தான், விமான எஞ்சினைத் தவிர வேறெதிலும் பெரிய நாட்டம் இல்லாத மாக்ஸ் ஃபிரிட்ஸிடம் முழு மோட்டார் சைக்கிள் ஒன்றை வடிவமைக்கும் வேலை வந்து சேர்ந்தது.

1923-ல் வெளிவந்த ஆர் 32-ஐச் சற்று நெருங்கிப் பார்ப்பது மாணவர்களுக்கு நல்லது. எதிரெதிராகப் படுத்த இரண்டு சிலிண்டர்கள் கொண்ட பாக்ஸர் எஞ்சின் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் அதை வண்டியின் நீளவாக்கில் வைத்திருந்தார்கள். முன் சிலிண்டருக்குக் காற்று கிடைக்கும். பின் சிலிண்டர் சூடேறும். ஃபிரிட்ஸ் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பினார். இரண்டு சிலிண்டர்களும் ஓட்டுபவரின் கால்களுக்கு முன்னே இருபுறமும் நீட்டிக்கொண்டு நின்று, எதிர்க்காற்றைச் சமமாக வாங்கிக் குளிர்ந்தன. குறுக்காகத் திருப்பியதில் இன்னொரு ஆதாயமும் கிடைத்தது. கிராங்க் ஷாஃப்டும் கியர் பெட்டியும் நேர்கோட்டில் அமைந்ததால், செயினே இல்லாமல் ஒரு ஷாஃப்ட் வழியாகப் பின் சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோக முடிந்தது. செயின் அறுவதும், தளர்வதும், புழுதி ஏறித் தேய்வதும் அன்றைய ஓட்டுநர்களின் தீராத் தலைவலி. எஞ்சின் ஆயிலை எரித்துத் தீர்க்காமல் மீண்டும் மீண்டும் சுற்றவிடும் அமைப்பும் அதில் இருந்தது.

494 சி.சி., 8.5 குதிரைத்திறன். எண்கள் சிறியவை. ஆனால் ஒரு குறையைத் தீர்க்கப்போய் மூன்று குறைகளைத் தீர்த்த வடிவமைப்பு அது. நூறாண்டு கழிந்தும் பி.எம்.டபிள்யூ தன் பெரிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றை அதே குறுக்கு பாக்ஸர், அதே ஷாஃப்ட் அமைப்பில் செய்துவருகிறது.

ஐசனாக்கில் பிறந்த கார்

1928-ல் ஐசனாக் நகரிலிருந்த கார் ஆலையை பி.எம்.டபிள்யூ வாங்கியது. அந்த ஆலை அப்போது இங்கிலாந்தின் ஆஸ்டின் செவன் காரை உரிமம் பெற்று ‘டிக்ஸி’ என்ற பெயரில் செய்துகொண்டிருந்தது. ஆக, பி.எம்.டபிள்யூ சின்னத்தோடு சாலைக்கு வந்த முதல் கார், 15 குதிரைத்திறன் கொண்ட, இரவல் வடிவமைப்பிலான சின்னஞ்சிறு வண்டி.

இரவல் நிலை நீண்ட நாள் நீடிக்கவில்லை. 1933-ல் வந்த 303 மாடலில் இரண்டு அடையாளங்கள் ஒன்றாகத் தோன்றின. ஒன்று, இன்றும் காரின் முகத்தில் இருக்கும் இரட்டைச் சிறுநீரக வடிவ கிரில். மற்றொன்று, வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின். ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கும்போது ஒன்றும் ஆறும், இரண்டும் ஐந்தும், மூன்றும் நான்கும் ஜோடி ஜோடியாக ஏறி இறங்கும். ஒரு ஜோடி கிளப்பும் அதிர்வை மற்றவை அடக்கிவிடும். தனியே பாலன்ஸ் ஷாஃப்ட் எதுவும் தேவையில்லை. 1,173 சி.சி. மட்டுமே கொண்ட சிறிய காருக்கு ஆறு சிலிண்டர் கொடுப்பது கணக்குப் பார்ப்பவருக்கு வீண் செலவாகத் தெரியும். ஓட்டுபவருக்கு அதன் அருமை தெரியும். பி.எம்.டபிள்யூ ஓட்டுபவரின் பக்கம் நின்றது.

1936-ல் வந்த 328 அந்த வழியின் சிகரம். இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைந்த எஞ்சினில் 80 குதிரைத்திறன். மொத்தமே 464 வண்டிகள்தாம் செய்யப்பட்டன. 1940-ல் இத்தாலியின் மிலே மிலியா பந்தயத்தில் 328-ன் கூபே வடிவம் முதலிடம் பெற்றது.

போரும் பழியும்

விழா மலர்க் கட்டுரைகள் பலவும் தாண்டிப் போய்விடும் இடம் இது. தாண்டக் கூடாது.

நாஜி ஆட்சியில் பி.எம்.டபிள்யூ மீண்டும் விமான எஞ்சின் ஆலையாகியது. 14 சிலிண்டர் கொண்ட 801 எஞ்சின் ஜெர்மானியப் போர் விமானங்களுக்காகப் பெருமளவில் தயாரானது. அதைச் செய்த கைகளில் பெரும்பகுதி, கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டினர், போர்க் கைதிகள், வதைமுகாம் கைதிகள் ஆகியோருடையவை. மியூனிக் அருகே ஆலாக் ஆலையில், டாக்காவ் வதைமுகாமின் கிளை முகாமே அமைக்கப்பட்டிருந்தது. பசியாலும் நோயாலும் அடியாலும் மாண்டவர்கள் அங்கு உண்டு.

1983-ல், தான் முன்னின்று வெளியிட்ட வரலாற்று நூலின் மூலம் நிறுவனம் இக்காலத்தைப் பொதுவெளியில் பேச முன்வந்தது. கட்டாயத் தொழிலாளருக்கு இழப்பீடு வழங்கிய ஜெர்மானிய அறக்கட்டளையின் நிறுவன உறுப்பினர்களுள் ஒன்றாகவும் சேர்ந்தது. 2016-ல் நூற்றாண்டைக் கொண்டாடியபோதும் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்தது. நிறுவனத்தின் பெரும் பங்குதாரர்களான குவாண்ட் குடும்பம், 2007-ல் ஒளிபரப்பான ஓர் ஆவணப்படத்துக்குப் பிறகே தன் குடும்பத் தொழில்களின் போர்க்கால வரலாற்றை ஆராயும் பணியை ஒரு வரலாற்றாசிரியரிடம் ஒப்படைத்தது. இவையெல்லாம் மாண்டவர்களை மீட்டுத் தரமாட்டா. ஆனாலும் நற்பெயர் பேசப்படும் இடத்திலெல்லாம் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேசுவதே நேர்மை.

பாத்திரமும் குமிழி வண்டியும்

போர் முடிந்தபோது மியூனிக் ஆலையின் இயந்திரங்கள் நஷ்ட ஈடாகக் கழற்றிச் செல்லப்பட்டன. ஐசனாக் சோவியத் பகுதிக்குள் போய்விட்டது. கார் ஆலையே இல்லாத கார் கம்பெனி, அலுமினியப் பானைகளும் சட்டிகளும் செய்து வயிறு கழுவியது. 1948-ல் ஆர் 24 என்ற ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிளோடு மீண்டும் எழுந்தது.

எழுந்ததும் எடுத்த முடிவுதான் சறுக்கல். இடிபாடுகளுக்கிடையே வாழ்ந்த மக்களுக்கு மோட்டார் சைக்கிளே பெரிய விஷயமாக இருந்த 1952-ல், 501 என்ற கனமான ஆடம்பரக் காரோடு கார் சந்தைக்குத் திரும்பியது. பிறகு 507 என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். இன்றளவும் பார்த்தவர் மனம் பறிகொடுக்கும் அழகு. எல்விஸ் பிரெஸ்லியும் ஒன்று வைத்திருந்தார். ஆனால் சுமார் 250 வண்டிகளே விற்றன, ஒவ்வொன்றும் நஷ்டம். மறுபக்கம், இத்தாலியிலிருந்து உரிமம் பெற்று 1955-ல் கொண்டுவந்த இசெட்டா, முன்பக்கமே கதவாகத் திறக்கும் குமிழி போன்ற குட்டி வண்டி, பி.எம்.டபிள்யூவின் மோட்டார் சைக்கிள் எஞ்சினில் ஓடியது. அது ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்று நிறுவனத்தைத் தாங்கிப் பிடித்தது. உச்சியில் ஆடம்பரக் கார், அடியில் குமிழி வண்டி. இடையில் சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய கார் ஒன்றும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் பணம் கரைந்தது.

1959 டிசம்பர் 9

மியூனிக்கில் அன்று கூடிய பங்குதாரர் பொதுக்கூட்டம் ஜெர்மானியத் தொழில் வரலாற்றில் தனியிடம் பெற்றது. மேடையில் வைக்கப்பட்ட திட்டம் இதுதான்: பழைய பங்குகளின் மதிப்பைப் பாதியாகக் குறைப்பது, புதிய மூலதனத்தை டெய்ம்லர்-பென்ஸும் வங்கிகளும் போடுவது. நடந்திருந்தால் பி.எம்.டபிள்யூ, மெர்சிடிஸின் துணை ஆலையாகியிருக்கும். நிர்வாகக் கண்காணிப்புக் குழுவின் தலைவர் டாய்ச்ச பேங்க்கைச் சேர்ந்தவர். அதே வங்கிக்கு டெய்ம்லர்-பென்ஸிலும் பெரும் செல்வாக்கு. வாடிக்கையாளர்கள் ஒப்படைத்திருந்த பங்குகளுக்கான வாக்குகளும் வங்கிகளின் கையில். அந்த முன்மொழிவும் அன்று ஒரு நாளுக்கே செல்லும்.

எதிர்த்து எழுந்தவர்கள் சிறு பங்குதாரர்களும், பி.எம்.டபிள்யூ வண்டிகளை விற்றுப் பிழைத்த டீலர்களும். அவர்கள் சார்பில் பேசிய ஃபிராங்க்பர்ட் வழக்கறிஞர் ஃபிரீட்ரிஷ் மாத்தெர்ன், பல மணி நேரம் நீடித்த வாக்குவாதத்துக்கு நடுவே ஆண்டுக் கணக்கைத் துருவினார். புதிய 700 மாடலை உருவாக்கிய செலவு முழுவதையும் ஒரே ஆண்டின் தலையில் கட்டி நஷ்டத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். கணக்கில் குறை உண்டென்றால், பத்து சதவீதப் பங்குதாரர்கள் கேட்டாலே கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சட்டம் இடம் கொடுத்தது. பத்து சதவீதம் சேர்ந்தது. கூட்டம் தள்ளிப்போனது. டெய்ம்லர் முன்மொழிவு அன்றோடு காலாவதியானது.

இதைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஹெர்பர்ட் குவாண்ட். கண்பார்வை மிகவும் குன்றியவர். டெய்ம்லர்-பென்ஸிலும் பங்கு வைத்திருந்தவர். விற்று வெளியேறுவதே புத்திசாலித்தனம் என்று ஆலோசகர்கள் சொன்னபோது, அவர் தன் பங்கைக் கூட்டினார். சிறிய, சிக்கனமான 700 கார் சுமார் 1,88,000 வண்டிகள் விற்று அவர் நம்பிக்கையைக் காப்பாற்றியது. ஒரு நிறுவனத்தின் வண்டியைத் தினமும் விற்பவர்களும், வாங்கி ஓட்டுபவர்களும் அதற்காக எழுந்து நின்று வாதாடினார்கள் என்பதைவிடப் பெரிய நற்சான்று வேறில்லை.

இடம் விட்டு வார்த்த பிளாக்

1961 ஃபிராங்க்பர்ட் கண்காட்சியில் 1500 மாடல் அறிமுகமானது. ‘புது வகுப்பு’ என்று பெயரிடப்பட்ட இவ்வரிசைதான், இன்று நாம் அறியும் பி.எம்.டபிள்யூவின் தொடக்கம்: நான்கு கதவு, குடும்பத்துக்குப் போதுமான இடம், வளைவுகளில் ஸ்போர்ட்ஸ் கார் போன்ற பிடி.

அதன் எஞ்சினை வடிவமைத்தவர் அலெக்ஸ் ஃபான் ஃபால்கென்ஹாவுசென். நிர்வாகம் கேட்டது 1.3 லிட்டர். அவரோ 1.5 லிட்டருக்குக் குறையக் கூடாது என்று வாதாடினார். பின்னாளில் இரண்டு லிட்டர் வரை பெரிதாக்கும் அளவுக்குப் பிளாக்கில் இடம் விட்டு வடிவமைத்தார். அந்த எஞ்சின் கால் நூற்றாண்டுக்கு மேல், 30 லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரானது. அதே பிளாக்கை அடிப்படையாகக் கொண்டு பால் ரோஷ உருவாக்கிய 1.5 லிட்டர் டர்போ எஞ்சின், ஃபார்முலா ஒன் தகுதிச் சுற்றுகளில் ஆயிரம் குதிரைத்திறனைத் தாண்டியது. 1983-ல் பிராபம் அணிக்காக ஓட்டிய நெல்சன் பிகே அந்த எஞ்சினோடுதான் உலக சாம்பியன் ஆனார். டர்போ எஞ்சினோடு பட்டம் வென்ற முதல் ஓட்டுநர் அவர். கடைக்குப் போய்வரும் குடும்பக் காருக்காக வரைந்த பிளாக், உலகின் கடுமையான பந்தயத்தைத் தாங்கியது. முதல் வரைபடத்தில் விட்டு வைத்த இடத்தின் மதிப்பு அது.

ஃபால்கென்ஹாவுசென் தன் சொந்த உபயோகத்துக்கு, சிறிய இரண்டு கதவு 1602 காரில் இரண்டு லிட்டர் எஞ்சினைப் பொருத்தி ஓட்டிவந்தார். திட்டப் பிரிவின் ஹெல்முட் வெர்னர் பென்ஷும் தனியே அதையே செய்து வைத்திருந்தார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. தெரியவந்ததும் இருவரும் சேர்ந்து நிர்வாகத்திடம் போனார்கள். அமெரிக்க இறக்குமதியாளர் மாக்ஸ் ஹாஃப்மனும் கேட்டுக்கொண்டிருந்தார். 1968-ல் 2002 பிறந்தது. அமெரிக்காவில் பி.எம்.டபிள்யூ என்ற பெயரை நிலைநாட்டிய கார் அதுவே.

குயென்ஹெய்ம் காலம்

1970-ல் தலைமைப் பொறுப்பேற்ற எபர்ஹார்ட் ஃபான் குயென்ஹெய்ம் 1993 வரை நீடித்தார். 1972-ல் 5 சீரிஸ், 1975-ல் 3 சீரிஸ், 1977-ல் 7 சீரிஸ் என்று இன்றுள்ள பெயர் வரிசை அவர் காலத்தில் அமைந்தது. பந்தயத் துறைக்கென 1972-ல் தனி நிறுவனம் உருவாகி, ‘எம்’ என்ற எழுத்தை உலகறியச் செய்தது. 1987-ல், போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் முதல் 12 சிலிண்டர் கார் வந்தது. ஹான்ஸ் கிளாஸ் கம்பெனியை வாங்கியதன் மூலம் கைக்கு வந்த டிங்கோல்ஃபிங் ஆலை, விவசாயம் மிகுந்த வட்டாரத்தின் முகத்தை மாற்றியது. ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் கார்ல் ஷ்வான்ட்சர் வடிவமைத்த, நான்கு சிலிண்டர் வடிவத் தலைமையகமும் அப்போதுதான் மியூனிக்கில் எழுந்தது. தளங்களைக் கீழே கட்டி மேலே இழுத்துத் தொங்கவிட்ட கட்டடம் அது.

ரோவர் தந்த பாடம்

1994-ல் புதிய தலைவர் பெர்ன்ட் பிஷெட்ஸ்ரீடர், பிரிட்டனின் ரோவர் குழுமத்தை 80 கோடி பவுண்டுக்கு வாங்கினார். பெரிய நிறுவனங்களே பிழைக்கும் என்ற எண்ணம் அன்று எங்கும் பரவியிருந்தது. பழைய ஆலைகள், ஒன்றோடொன்று ஒட்டாத மாடல்கள், ஏறிய பவுண்டு மதிப்பு. ஆறு ஆண்டுகளில் நஷ்டம் தாய் நிறுவனத்தையே அசைத்தது. 1999-ல் தலைவர் பதவி இழந்தார். 2000-ல் ரோவர் கார் பிரிவு வெறும் பத்து பவுண்டுக்குக் கைமாறியது. லேண்ட் ரோவர் ஃபோர்டுக்குப் போனது. மினி என்ற பெயரைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, 2001-ல் அதைப் புதிதாகப் பிறப்பித்தார்கள். ரோல்ஸ்-ராய்ஸ் கார் பெயரையும் பெற்று, 2003 முதல் குட்வுட்டில் தயாரிக்கிறார்கள். மொத்தமாக வாங்கிய இடத்தில் தோற்று, ஒவ்வொரு காராக உழைத்து உருவாக்கிய இடத்தில் வென்றார்கள்.

சமீப காலக் குறையும் ஒன்று பதிவாக வேண்டும். டீசல் புகையைச் சுத்திகரிக்கும் தொழில்நுட்பத்தில் போட்டியைக் கட்டுப்படுத்தும் வகையில் மற்ற ஜெர்மானியக் கம்பெனிகளோடு கைகோத்ததற்காக, ஐரோப்பிய ஆணையம் 2021-ல் சுமார் 37 கோடி யூரோ அபராதம் விதித்தது. நல்ல எஞ்சின் செய்யத் தெரிந்தவர்கள், அதை இன்னும் சுத்தமாகச் செய்வதில் போட்டியிடாமல் ஒதுங்கியது அவர்கள் பெயருக்குத் தகாத செயல்.

தமிழ் மண்ணில்

2007 மார்ச் 29 அன்று, செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. பிரித்து அனுப்பப்படும் பாகங்களைச் சேர்த்துக் கார் செய்யும் ஆலையாக ஆரம்பித்து, பின்னர் உள்ளூர்ப் பங்கைப் படிப்படியாகக் கூட்டியது. ஃபோர்ஸ் மோட்டார்ஸ் எஞ்சினையும் கியர் பெட்டியையும் இங்கேயே சேர்த்துக் கொடுக்கிறது. ஆலையிலிருந்து வெளிவந்த கார்கள் ஒரு லட்சத்தைக் கடந்துவிட்டன. 2018-ல் தொடங்கிய ‘ஸ்கில் நெக்ஸ்ட்’ திட்டத்தின்கீழ், பிரித்துப் பூட்டிப் பழகுவதற்காக எஞ்சின்கள் தொழில்நுட்பக் கல்வி நிலையங்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டன. புத்தகப் படத்தில் பார்த்த வால்வு அமைப்பைக் கையில் எடுத்துப் பார்க்கும் மாணவன் ஒரே நாளில் கற்பது அதிகம்.

ஓசூர் கதை இன்னும் பெருமைக்குரியது. 2013-ல் டி.வி.எஸ். மோட்டாரும் பி.எம்.டபிள்யூவும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் விளைவு ஜி 310 ஆர். மியூனிக்கின் மேற்பார்வையில் உருவாகி, ஓசூரில் தயாராகி, உலகச் சந்தைகளுக்குப் போன வண்டி. அதன் 313 சி.சி. எஞ்சினில் சிலிண்டர் ஹெட் முன்பின்னாகத் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது: காற்று முன்பக்கம் நுழைகிறது, புகை பின்பக்கம் வெளியேறுகிறது. சிலிண்டரும் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. இதனால் எடை முன்சக்கரத்தின் மேல் நன்றாக அமர்கிறது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மை நீளமாக வைக்க முடிகிறது. 1923-ல் எஞ்சினைக் குறுக்கே திருப்பிய ஆர் 32-க்கு இந்தச் சிந்தனை தூரத்து உறவன்று, நேர் வாரிசு. அதே எஞ்சின் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்ஆர் 310-லும் ஓடுகிறது.

அடுத்த சோதனை

2023-ல் மியூனிக் ஆலையில் பெட்ரோல், டீசல் எஞ்சின் தயாரிப்பு நின்றது. அவ்வேலை ஆஸ்திரியாவின் ஸ்டெயருக்கும் இங்கிலாந்துக்கும் மாறியது. எஞ்சினால் பிறந்த ஊரில் இனி மின்கார்கள். 2025-ல் அறிமுகமான மின்சார ஐஎக்ஸ்3, ‘புது வகுப்பு’ என்ற 1961-ன் பெயரையே தாங்கி வந்திருக்கிறது. பழைய பெயரை மீண்டும் எடுத்தவர்கள், பழைய உழைப்பையும் கொடுத்தாக வேண்டும். பிஸ்டன் இல்லாத காரில் ஓட்டுபவர் உணரும் வேறுபாட்டை எங்கிருந்து கொண்டுவருவார்கள் என்பதே அடுத்த தலைமுறைப் பொறியாளர்களுக்கான கேள்வி.

இம்மலரைப் படிக்கும் இளைஞர்களில் சிலர் அக்கேள்விக்கு விடை தேடும் மேசைகளில் ஒரு நாள் அமரக்கூடும். ஓசூரிலும் செங்கல்பட்டிலும் அப்படி அமர்ந்தவர்கள் ஏற்கெனவே உண்டு. அவர்களுக்கு இந்நிறுவன வரலாறு தரும் வழிகாட்டுதல் தெளிவானது. கணக்குப் புத்தகம் 1.3 லிட்டர் கேட்கும்போது, காரணத்தோடு 1.5 லிட்டருக்கு வாதாடுங்கள். உங்கள் வண்டியை விற்பவரையும் ஓட்டுபவரையும் மறவாதீர்கள். நிறுவனம் தள்ளாடும் நாளில் அவர்களே வந்து தோள் கொடுப்பார்கள். செய்த தீங்கை மறைக்காதீர்கள். விளம்பரத்தால் வரும் பெயர் விளம்பரம் நின்றதும் போய்விடும். வேலையால் வரும் பெயர், வேலை செய்தவர் காலத்துக்குப் பிறகும் நிற்கும்.